கல்லுக்குள் தளும்பியது

காதருகே வைத்து ஆட்டினால் அந்தக் கல்லுக்குள் ஏதோ தளும்பியது. பிராக்கியோபாட் என்ற பழங்கடல் உயிரின் ஓடு அது; சிப்பியைப் போல இரண்டு மூடிகள், கல்லாகிப்போனவை. அதே பாறையில் மற்றவையெல்லாம் வாய் பிளந்து கிடக்க, உயிரோடு சேற்றில் புதைந்த இது மட்டும் இறுக மூடியிருந்தது. அதைக் கண்டெடுத்ததிலிருந்து தொல்லுயிர் ஆய்வாளர் ஜெஸிந்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தவள் பாதியில் எழுந்துபோய் ஆட்டிக் கேட்டாள். கேட்கத்தான் முடிந்தது. உள்ளே இருப்பது அந்தக் காலத்துக் கடல்நீர்தானா என்று தெரிய வேண்டுமென்றால் ஓட்டைத் துளைக்க வேண்டும்.

“ஆடாமப் பிடிங்க மேடம், போதும். நான் ஊசியில உறிஞ்சிக்கறேன்,” என்றார் நீரைச் சோதிக்க வந்திருந்த தணிகைவேல். “இருக்கறதே ஒரு சொட்டுதான்.”

துளைக்கருவி நின்றது. ஊசி வருவதற்குள் அந்தச் சொட்டு துளையோரம் திரண்டு அவள் விரலில் இறங்கிவிட்டது. ஈரம் பட்டால்தான் கல்லில் வரி தெளியும் என்று, கையில் எடுத்த கல்லையெல்லாம் நக்கிப் பார்த்தே பழகியவள் அவள். விரல் தானாக நாக்குக்குப் போனது.

“ஐயோ மேடம்!”

காலிச் சீசாவைப் பிடித்தபடி தணிகைவேல் அவளையே முறைத்தார். பிறகு, அக்கம்பக்கம் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “உப்பா இருக்கா?”

இத்தனை நாள் நிலைகொள்ளாமல் அலைந்தவள் அசையாமல் நின்றாள், வாயை இறுக மூடிக்கொண்டு.