நூற்று எழுபத்தாறு வசனங்கள்

எண்பத்து மூன்றாம் வசனத்துக்குப் பிறகு நீல டிக் வரவில்லை.

அவன் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் குத்தவைத்திருந்தான். இடது கையில் சின்ன வேதப்புத்தகம். வலது கையில் போன், உதட்டை ஒட்டி. கட்டட சைட்டின் ஜெனரேட்டர் உறுமும்போது நிறுத்தினான். தணிந்ததும் வாசித்தான். அவன் சொல்லச் சொல்ல போன் எழுத்தாக்கியது. ஒவ்வொரு வசனமாக அம்மாவுக்கு அனுப்பினான்.

அம்மாவுக்குக் காது போய் இரண்டு வருஷம்.

ஷார்ஜாவில் மணி ஆறு பத்து. அம்மா இருக்கும் சாயர்புரத்தில் ஏழு நாற்பது.

ஏழு மணிக்கு அவள் இன்சுலின் ஊசி போட்டிருப்பாள். ஏழே காலுக்குள் அன்றைய அதிகாரம் முழுதாக வந்து சேர்ந்துவிடும். அதன் பிறகு இட்லி.

அதிகாரம் முடியாமல் அவள் தட்டில் கை வைப்பதில்லை.

அவன் விமானம் ஏறிய அன்று அவளே சொன்னது. "நீ அங்க என்னத்தத் திங்கேன்னு எனக்குத் தெரியாது. வேதத்தத் தின்னியான்னாவது தெரியணும்லா."

முந்நூற்று எழுபத்தெட்டு நாளாக அவன் ஒரு வசனம் விட்டதில்லை. இயேசுவின் வம்சப் பட்டியலில் ஒரு பெயரைக்கூட. அவள் அங்கே தன் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்துச் சரிபார்ப்பாள்.

புதிய ஏற்பாடு முடிந்து இப்போது சங்கீதங்கள். முந்தாநாள் சங்கீதத்தில் இரண்டே வசனம்.

"இன்னைக்கு என்ன, ஊறுகா மட்டுந்தானா?" என்று பதில் வந்தது. பேச அவளால் முடியும். அவளும் போனிடம் சொல்லித்தான் அனுப்புவாள்.

இன்று நூற்றுப் பத்தொன்பது. வேதத்திலேயே நீளமான அதிகாரம்.

நேற்றே கேட்டுப் பார்த்தான். ரெண்டு நாளாப் பிரிச்சுக்கிடுவோமாம்மா?

"சோத்தப் பாதில வச்சுட்டு எந்திப்பியால?"

அறையில் நாற்பது வசனம் முடிந்தபோது வேன் வந்துவிட்டது. வேனில் முப்பது பேர். போன் யார் யார் பேச்சையோ எழுதியது. அழித்தான். மறுபடி சொன்னான். மறுபடி அழித்தான். அதற்குள் சைட் வந்துவிட்டது.

சாப்பிடும்மா, மீதிய அப்புறம் அனுப்புதேன். மூன்று முறை அனுப்பினான்.

மூன்று முறையும் ஒரே பதில்.

"நீ முடி."

எண்பத்து நான்கு. சாம்பல் டிக்.

எண்பத்தைந்து. சாம்பல்.

என்ன வாசிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. வாய் மட்டும் ஓடியது.

இந்தப் புத்தகம் தன் அம்மாவைக் கொன்றுவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் பயந்தான்.

எண்பத்தெட்டு.

சாம்பல்.

அடுத்த வீட்டு ஞானசெல்வி அக்காவை அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான்.

"ஏலே, மீன் கழுவிட்டுருக்கேன், என்னல?"

"அக்கா, அம்மாவப் போய்ப் பாருங்க. ஊசி போட்டுட்டு இன்னும் சாப்பிடல."

செருப்புச் சத்தம். கேட் சத்தம். கேட்காது என்று தெரிந்தும், "சித்தி, சித்தி" என்று அக்கா கத்துவது.

பிறகு எதுவும் இல்லை.

அவன் தொட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டான். ஆண்டவரே என்றான்.

"வேர்த்து ஊத்துதுடா. மேசையில சாஞ்சு கெடக்காவ. கை கிடுகிடுன்னு ஆடுது."

"முழிச்சிருக்காளா? சீனித்தண்ணி குடுங்கக்கா."

"முழிச்சுத்தான் இருக்காவ. கலக்கி வாய்கிட்ட வச்சிட்டேன். தொறக்க மாட்டேங்காவளே. போனையே காட்டுதாவ."

அவன் புத்தகத்தைப் பார்த்தான். இன்னும் எண்பத்தெட்டு வசனம்.

தாள்களைத் தள்ளினான். நூற்று எழுபத்தாறு. வழி தவறிப்போன ஓர் ஆட்டைப் பற்றியது. போனை வாய்க்குள் வைப்பதுபோல் பிடித்துக்கொண்டு வாசித்தான். ஆமென் சொன்னான். முடிஞ்சுதும்மா என்றான்.

அனுப்பினான்.

"அக்கா, வந்துட்டு. அவகிட்ட காட்டுங்க."

ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் போனை அழுத்தினான்.

"பாக்காவ."

"அக்கா."

"இருடா. பாக்காவ. குடிக்காவ. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், குடிக்காவடா. வையி, நான் இந்த இட்லிய ஊட்டப் பாக்கேன்."

வேலை தொடங்கும் விசில் அடித்தது.

புத்தகத்தைச் சட்டைப்பையில் திணித்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரிசையில் போய் நின்றான். முன்னால் ஒன்பது பேர்.

ஐந்து பேர்.

போன் அதிர்ந்தது.

அம்மா.

"எண்பத்தெட்டுக்குப் பொறவு எங்கல போன?"

லிஃப்ட்டின் கம்பிக்கதவு திறந்தது. ஃபோர்மேன் பேர் பேராக உள்ளே தள்ளினார். அவன் முறை வந்தது. கையை வீசிக் கூப்பிட்டார்.

அவன் சட்டைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தபடி வரிசையை விட்டு விலகினான்.