ஆள் எப்படி?

"ஒரு வார்த்தையில சொல்லும்மா. உன் வீட்டுக்காரர் ஊர்க்காவலன் ஆள் எப்படி?"

விசாரணைக்கு வந்த அதிகாரி, தீக்காய வார்டுல என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்துலயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டுக் கேட்டாரு.

இவுக நாலு நாளா நினைவில்லாமக் கிடக்காக. மூஞ்சி முழுக்கக் கட்டு. தொண்டையில குழாய்.

வியாழக்கிழமை பட்டாசுக் கம்பெனியில இவுக மருந்து கலக்குற ரூம் வெடிச்சிருச்சு. பக்கத்து ரூம்ல திரி வச்சுக்கிட்டிருந்த குருவம்மாள் மதினி அங்கனயே போயிட்டாக.

போர்மேன் ரத்தினசாமி முந்திக்கிட்டாரு. அவன் எப்பவும் ஏதோ நினைப்புல இருப்பான், கலவையைத் தப்பாப் போட்டுட்டான்னு எழுதிக் கொடுத்துட்டாராம். நானும் அப்படியே சொல்லிட்டா, மதினியைக் கொன்னது என் வீட்டுக்காரருன்னு ஆயிரும்.

ஆனா இவுக எப்பவும் ஒரு நினைப்புல இருக்கிற ஆளுதானே.

எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போன மனுசன், சாத்தூர் ரயில்வே கேட்டுல ஒரு மணி நேரம் நின்னுட்டு வெறுங்கையோட வருவாக. கூட்ஸ் வண்டியில கடைசிப் பெட்டியில ஒத்தையாப் போறாரே கார்டு, அவரு யாருகிட்ட புள்ள பேசுவாரும்பாக. உங்களை மாதிரி ஒரு கோட்டிக்காரன்கிட்டத்தான்னு கத்துவேன்.

சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கையை நிறுத்திருவாக. நான் கலக்குற வெள்ளை மருந்துக்குள்ள, வாணத்துல தெரியுற பச்சை எங்கன புள்ள படுத்துக் கிடக்கு? மேல போய் வெடிக்கிற வரைக்கும், தான் பச்சைன்னு அதுக்கே தெரியுமா, தெரியாதாம்பாக.

அதுக்குள்ள சோறு காஞ்சு போகும்.

மந்தம்னேன். பராக்குன்னேன். பதினாலு வருசம் வாய் வலிக்கத் திட்டுனேன். ஆனா ஏதும் கேக்காம இவுக பாட்டுக்குச் சாப்பிட்டு எந்திரிச்ச நாள்ல எனக்குப் பொறுக்காது. என்ன, இன்னைக்கு ஒண்ணும் தோணலையான்னு நானே கேப்பேன்.

அம்புட்டுப் பிடிச்சும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாவி நான்.

என்ன வார்த்தைன்னு சொல்ல? சிந்தனையாளர்னா மேடையில பொன்னாடை போத்திக்கிறவுக. கனவு காணுறவருன்னா வேலையில தூங்குனான்னு எழுதுவாக. எதுவும் இவுகளுக்குப் பொருந்தலை.

இத்தனைக்கும் மருந்து ரூம்ல காலை வச்சா இவுக வேற ஆளு. ஒரு கிராம் கூடக் குறைய ஆனதில்லை. வீட்டுல அப்படி, அங்கன இப்படின்னா எந்த ஆபீசர் நம்புவாக? ரெண்டுல ஒண்ணைத்தான் எழுதுவாக.

அதனால அவரு எழுதுற மாதிரி ஒண்ணைச் சொன்னேன். சத்தமாவே சொன்னேன்.

"இவுக எதையும் யோசிக்கவே மாட்டாக சார். செக்கு மாடு. சொன்னதை மட்டும் செய்வாக. மனசுக்குள்ள ஒண்ணும் கிடையாது."

உசுரோட இருக்கிற மனுசனுக்கு நானே கொள்ளி வச்ச மாதிரி இருந்துச்சு.

அதிகாரி எழுதி வாசிச்சுக் காட்டுனாரு. 'சுயமாக எதையும் சிந்திக்காதவர்.'

ஆமான்னு தலையாட்டுனேன். பழி போயிரும்ல, அது போதும்னு நினைச்சேன்.

அப்பத்தான் நர்ஸ் ரீனா சலைன் பாட்டிலை மாத்த வந்தா. மாத்திட்டு என் காதுக்கிட்ட மெதுவாச் சொன்னா.

"காலையிலயே நினைவு வந்துருச்சுக்கா. பேசத்தான் முடியாது, காது நல்லாக் கேக்கும். ஆசையா நாலு வார்த்தை சொல்லுங்க."

திரும்பினேன். கட்டுக்கு நடுவுல ரெண்டு கண்ணும் திறந்திருந்துச்சு. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக.

அதிகாரி தாளை நீட்டி, இங்க ஒரு கையெழுத்துப் போடும்மான்னாரு.

இவுக பாக்கப் பாக்கப் போட்டேன்.