மார்ச் மாதக் கயிறு

மூளையில் ரத்தம் கசிந்த ஸ்னெஜானாவை ஒன்பது நாளாக மயக்க மருந்தில் தூங்கவைத்திருந்தோம். மார்ச் ஒன்றாம் தேதி மகள் கட்டிவிட்ட சிவப்பு வெள்ளைக் கயிறு அன்று காலை அவர் கையில் இல்லை. எங்கள் ஊரில் மார்ச் பிறந்தால் எல்லோரும் இதைக் கட்டிக்கொள்வோம், என் கையிலும் ஒன்று இருந்தது; பூத்த மரத்தை நம் கண்ணால் பார்த்த பிறகுதான் அதை அவிழ்த்து அந்தக் கிளையில் கட்டுவோம்.

"மருந்தக் குறைச்சுட்டியா மிலேனா? முழிச்சு அவுத்திருக்காங்க. மூளை தாங்குமா?" என்றார் டாக்டர்.

"பதினாறு வருஷமா இந்த வார்டுல நர்ஸா நிக்கிறேன். மருந்து ஏத்துற பம்பைப் பாருங்க, ஒரு சொட்டு குறைஞ்சிருக்கா? என்மேல பழி போடாதீங்க!" என்றேன்.

கயிறு ஆஸ்பத்திரி முற்றத்தில் பூத்திருந்த பிளம் மரத்தில் இருந்தது. ஆத்திரத்தோடு கொண்டுவந்து, அவர் கையில் மூன்று முடிச்சு போட்டேன். இமைகூட அசையவில்லை.

மறுநாள் காலை, அதே மூன்று முடிச்சோடு கயிறு மரத்தில் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. என் சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தேன். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.