தனி வைஃபை

"லைன் ஒண்ணுதான் தம்பி. ஆனா அங்கிட்டு பின்கட்டு ரூம்ல நடக்குறது இங்கிட்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. செய்ய முடியுமா, முடியாதா?"

அரிமளத்திலிருந்து இன்டர்நெட் வேலைக்கு வந்திருந்த செம்மலிடம் மூக்காயி கறாராகக் கேட்டது, அடுக்களையில் இருந்த மருமகள் கலைமதியின் காதில் தெளிவாக விழுந்தது.

"செஞ்சிரலாம்மா. வெளியிலிருந்து வர்ற லைன்லயே பிரிச்சு, பின்கட்டுக்குத் தனியா ஒரு வைஃபை பாக்ஸ், தனி பாஸ்வேர்டு. முன்னாடி இருக்கிற பாக்ஸ்ல இருந்து பார்த்தா, பின்னாடி ஒண்ணு ஓடுறதே தெரியாது."

"அப்படித்தான் வேணும்."

பின்கட்டு அறை கலைமதியுடையது. தனி அடுப்பு வைத்துக் கொடுத்துப் பிரித்துவிடுவதுபோல, இப்போது நெட்டிலும் தன்னைப் பிரிக்கிறாரா அத்தை? அவளுக்குக் கண் கலங்கியது.

ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு அவள் ஆன்லைனில் படித்துவந்தாள். செல்போன் சிக்னல் எட்டாத ஊர் அது. வீட்டு வைஃபையை விட்டால் வேறு வழியில்லை. அதுவும் வகுப்பு சூடுபிடிக்கிற நேரம் பார்த்து நின்றுவிடும். ஹாலில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் அத்தை உட்கார்ந்திருப்பார். "நெட்டு போயிருச்சு அத்தே" என்றால், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

கத்தாரில் இருக்கும் கணவன் விக்ரமிடம் சொல்லி அழுதால், "அம்மாகிட்ட சண்டைக்குப் போகாத. நீ பாட்டுக்குப் படி, யாரு வேணாங்குறா?" என்று தேற்றுவான். அந்த வார்த்தைதான் அவளுக்குத் தெம்பு.

பின்கட்டில் பெட்டியை மாட்டிவிட்டுச் செம்மல் பைக்கில் கிளம்பியதும் கலைமதி பொறுக்கமாட்டாமல் ஹாலுக்கு வந்தாள்.

"நான் படிக்கிறது பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க அத்தே. இப்படி ஒதுக்கி வைக்காதீங்க. அவுக லீவுல வரட்டும், கேட்டுக்கறேன்."

மூக்காயிக்குக் கோபம் வரவில்லை.

"அந்தத் தம்பி பாஸ்வேர்டு போடாம விட்டுட்டுப் போயிருக்கு. ஒன் கையால நீயே போட்டுக்க. எங்கிட்டகூடச் சொல்லாத."

"ஒங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்?"

"கெஞ்சிக் கேட்டா வாய்தவறிச் சொல்லிப்புடுவேன். பெத்த மனசு."

"யாரு கேக்கப் போறா?"

மூக்காயி பக்கத்திலிருந்த பெட்டியைக் காட்டினார்.

"ஒம் புருசன்தான். இந்த முன் பாக்ஸை அவன் கத்தார்ல இருந்தே போன்ல பார்த்துக்கிட்டிருந்து, நீ வகுப்புல உக்காந்தா நிறுத்திப்புடுறான். 'அவ வேலைக்குப் போயிட்டா என்னை மதிக்க மாட்டாம்மா'ன்னு எங்கிட்டயே சொல்றான். ஒன் மூஞ்சியைப் பார்க்கக் கூசிப்போய்தான் ஆத்தா, நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போனது."