யாரும்மா அது கத்துறது?

"ஐயோ... அம்மா! என்னை விட்டுடுங்க, முடியல!"

பிரசவ அறைக்குள்ளிருந்து வந்த அலறலில் வராந்தாவே ஆடிப்போனது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், டம்ளர் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றார்.

பெஞ்சில் இருந்த நூலகர் அம்மாள் முகத்தைச் சுளித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாரே தவிர, சத்தம் என்றால் இன்னமும் ஆகாது அவருக்கு.

உள்ளே இரண்டே கட்டில்கள். ஒன்றில் அவருடைய மருமகள். தலைப்பிரசவம். மகன் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். இன்னொரு கட்டிலில் மூச்சு டீச்சர்.

அந்த ஊரில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வலியைப் பதறாமல் தாங்குவது எப்படி, மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுப்பவள். இன்று அவளுக்கே பிரசவம்.

மறுபடியும் அலறல். இந்த முறை சுவரில் எதையோ ஓங்கிக் குத்துகிற சத்தமும் சேர்ந்து வந்தது.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததும் நூலகர் எழுந்துவிட்டார்.

"யாரும்மா அது இப்படிக் கத்துறது?"

நர்ஸ் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

"நான்தாங்க... டீச்சர்தான்! மன்னிச்சிடுங்க, என்னால தாங்க முடியல!"

நர்ஸ் உள்ளே திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பரிசோதனைக்கு வந்திருந்த நிறைமாதப் பெண்ணுக்கு முகமே வெளுத்துவிட்டது. அவள் டீச்சரின் மாணவி.

"எங்க டீச்சரா? மெழுகுவத்தி ஊதி அணைக்கிற மாதிரி மெதுவா மூச்சு விடுங்கன்னு அவ்ளோ பொறுமையா சொல்வாங்களே! அவங்களே இப்படின்னா நான் என்ன ஆகப்போறேன்?"

"ஊருக்குத்தான் உபதேசம்," என்றார் நூலகர். "மூச்சு விடறதுக்கு ஒரு வகுப்பான்னு அப்பவே கேட்டேன். என் மருமக போறேன்னு சொன்னா, நான்தான் வேணாம்னுட்டேன். இப்போ பாரு, வகுப்புக்கே போகாதவ எவ்ளோ அமைதியா இருக்கா!"

"ஒருவேளை அவங்களுக்கு வலி கம்மியோ என்னமோ..."

"வலி எல்லாருக்கும் ஒண்ணுதான். உள்ள அனுப்பறப்பவே கதவுகிட்ட நிக்க வெச்சுக் கண்டிப்பா சொல்லிட்டேன். நம்ம வீட்டுல எவளும் கத்திப் பிள்ளை பெத்ததில்ல, சத்தம் வெளிய வந்துச்சுன்னா எனக்குத்தான் மானம் போகும்னு."

பெஞ்சின் ஓரத்தில் டீச்சரின் கணவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பஸ் டிரைவர். டூட்டியிலிருந்து யூனிஃபார்மோடு அப்படியே ஓடிவந்திருந்தான்.

"ஏம்ப்பா, உன் பொண்டாட்டிகிட்ட நீயாவது சொல்லக் கூடாதா? பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு படுத்திருக்கா. பயந்துட மாட்டா?"

"அவ இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லீங்க," என்றான் அவன். "ஏதோ ஆயிடுச்சு போல. உள்ள விடவும் மாட்டேங்கறாங்க."

டாக்டர் வேகமாக வந்து உள்ளே போனார். அலறல் இன்னும் உச்சத்துக்குப் போனது. மாணவி காதைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் எழுந்துபோய்க் கதவில் நெற்றியை வைத்து நின்றான்.

சட்டென்று எல்லாம் அடங்கியது.

அப்புறம் வீல் என்று ஒரு பிஞ்சுக் குரல்.

டாக்டர் வெளியே வந்து நூலகரைப் பார்த்துச் சிரித்தார். "உங்க மருமகளுக்குப் பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நூலகர் கும்பிட்டார். கண் கலங்கியது. அந்த நிலையிலும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"டீச்சரம்மா சத்தத்தையும் காணோமே. அவங்களுக்கும் பொறந்துடுச்சா?"

"அவங்களுக்கா?" டாக்டர் புரியாமல் பார்த்தார். "பனிக்குடம் உடைஞ்சதால வந்து சேர்ந்திருக்காங்க, அவ்ளோதான். அவங்களுக்கு இன்னும் வலியே ஆரம்பிக்கலையே!"

பிறகு டிரைவரிடம் திரும்பினார். "உங்க வீட்டம்மாவுக்குத் தாகமா இருக்காம். ஏதாவது ஜூஸ் வாங்கிட்டு வாங்க."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். மாணவி மெல்லத் திரும்பி நூலகரைப் பார்த்தாள். நூலகர் யாரையும் பார்க்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அனுமதி கிடைத்ததும் உள்ளே போனார்.

மருமகள் துவண்டு கிடந்தாள். கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"அத்தை," என்றாள். குரலே எழும்பவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. "சத்தம்... வெளிய கேட்டுச்சா?"

நூலகர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் சத்தம் ஒண்ணும் கேக்கலடா கண்ணு. டீச்சர் சத்தம்தான் கேட்டுது."

பேத்தியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்த திரையை விலக்கினார். வயிற்றில் கை வைத்தபடி சாய்ந்து உட்கார்ந்திருந்த டீச்சர், அவரைப் பார்த்ததும் பயந்துபோய் நிமிர்ந்தாள்.

நூலகர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு வலி வர்றப்ப நல்லா வாய்விட்டுக் கத்து தாயி. வெளிய நான்தான் உக்காந்திருப்பேன். யாரு என்ன கேக்கறாங்கன்னு பாத்துடறேன்!"