ஆறாத காபி

"காபி ஆறுற வரைக்கும் தனியாப் பேசிக்குங்க. ஆறினதும் கீழே வந்து சரியா இல்லையான்னு சொல்லிடணும்!" மாமா துரைக்கண்ணு கறாராகச் சொல்லி, மொட்டைமாடிக் கதவைச் சாத்தினார்.

பெண் பார்க்க வந்த இளங்குமரனிடம் சங்கவி டம்ளரை நீட்டினாள். அது அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் புதுத் தயாரிப்பு. அதற்குள் மூலக்கூறுகளின் ஓட்டம் தளராது, சூடு இறங்காது. வாழ்க்கையை ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்ய அவள் தயாராக இல்லை.

ஒரு மணி நேரம் பேசினார்கள். திடீரென்று அவன் டம்ளரைப் பார்த்தான். இன்னும் ஆவி! அவளைப் பார்த்தான்.

சங்கவிக்குப் பகீரென்றது. கண்டுபிடித்துவிட்டான்!

கதவு தடதடத்தது. "இன்னுமா ஆறலை?"

"இல்லீங்க மாமா," என்றான் இளங்குமரன் அப்பாவியாக. "எப்படியும் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."

சங்கவி சிரிப்பை அடக்க முடியாமல் கத்தினாள்:

"மாமா, எனக்குச் சம்மதம்! ஆனா கதவைத் திறக்காதீங்க!"