கரண்டி இறங்கும் நேரம்

சாந்தாமணி வாழ்க்கைப்பட்டுப் போன நாட்டு அரண்மனையில் புது மருமகள் கரண்டியைக் கீழே வைத்ததும் எல்லார் தட்டையும் எடுத்துவிடுவார்கள். நேற்று சாந்தாமணி ஞாபகமில்லாமல் வைத்துவிட்டாள். ஊரிலிருந்து அன்றுதான் வந்திருந்த அவள் அப்பா, பஸ் கண்டக்டர், அரை வயிற்றோடு எழுந்தார். இன்று தன் தட்டு காலியான பிறகும் அவள் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள். எதிரே அப்பா திணறித் திணறி மென்றுகொண்டிருந்தார். இன்னுமா பசி அடங்கவில்லை என்று அவளுக்கு ஒரே குழப்பம். கை கடுத்தது.

“ஏங்கண்ணு, எனக்கு அப்பவே நெறஞ்சு போச்சு,” என்றார் அப்பா மெதுவாக. “பந்தியில நீ முடிக்காம நான் எப்படி எந்திரிக்கறது?”

அப்பாடா என்று கரண்டியை இறக்கப் போனாள். அப்போதுதான் இரண்டாம் முறை கறி வாங்கியிருந்த மாமனார், நாட்டுக்கே ராஜா, வாய்வரை கொண்டுபோனதை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்தார்.